அமிகாவின் அழகு விளையாட்டுகள்: ஆடுவதற்கு ஏதாவது இருந்ததா?

பழையவட்டு (கேள்வி):
அமிகா என்ற பழைய வீட்டுக் கணினிக்கு வந்த ‘ஷேடோ ஆஃப் த பீஸ்ட்’ விளையாட்டை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளில்) ஆடிப் பார்த்தேன். 1989இல் சைக்னோசிஸ் வெளியிட்ட இதில் மேகங்களும் மலைகளும் புல்தரையும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதும், டேவிட் விட்டேக்கரின் இசையும் இன்றும் கிறங்கடிக்கின்றன. ஆனால் ஓடுவது, குதிப்பது, குத்துவது தவிர வேறு வேலையே இல்லை. குத்து இமைப்பொழுது பிந்தினால் உயிர்ப்புள்ளி குறைகிறது, 12 புள்ளிகளும் தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதை அன்று ஏன் கொண்டாடினார்கள்?

செப்புக்கம்பி:
கொண்டாடப்பட்டது ஆட்டமன்று, இயந்திரம். அமிகாவின் வன்பொருள் நேரடியாகத் தருவது இரண்டு பின்னணி அடுக்குகளை மட்டுமே. விளையாட்டை உருவாக்கிய ரிஃப்ளெக்ஷன்ஸ் குழுவினர் திரையைக் கிடைப்பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி வேகத்தில் நகர்த்தி, பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் இருப்பதாகத் தோன்றச் செய்தார்கள். போட்டிக் கணினியான அடாரி எஸ்டி வைத்திருந்த நண்பனை வீட்டுக்கு அழைத்துக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு அன்று இருந்திருக்காது.

கோட்டைக்காவலன்:
அழகு கூடினால் ஆட்டம் கெடும் என்பது விதியன்று. பல வேளைகளில் கெடுப்பது காலநெருக்கடிதான். 1986இல் சினிமாவேர் வெளியிட்ட ‘டிஃபெண்டர் ஆஃப் த கிரவுன்’ அதற்குச் சான்று. ஜிம் சாக்ஸ் தலைமையில் வரையப்பட்ட கோட்டைகளையும் ஈட்டிப் போட்டிகளையும் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்; ஆனால் அமிகா பதிப்பை அவசரமாக முடிக்க வேண்டியிருந்ததால், திட்டமிட்டிருந்த உத்திகள் பல கைவிடப்பட்டன. அவற்றுள் சில பின்னர் வந்த அடாரி எஸ்டி, கமடோர் 64 கணினிப் பதிப்புகளில் இடம்பெற்றன. முற்றுகையின்போது கவணில் பாறையை மட்டுமன்றி, நெருப்பையும் நோயையும்கூட எறியும் வசதி அவற்றில் உண்டு. படம் மங்கலான கமடோர் 64இல் ஆட்டம் செறிவாக இருந்தது என்பதை அமிகா அன்பர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனினும் நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

பழையவட்டு:
நன்றி ஐயா, அந்தப் பதிப்பையே தேடுகிறேன். அப்படியானால் இவ்வகையில் மிக மோசமானது ‘பீஸ்ட்’ இல்லையா?

செப்புக்கம்பி:
நிச்சயமாக இல்லை. மிராஜ் உருவாக்கி 1994இல் வெளிவந்த ‘ரைஸ் ஆஃப் த ரோபாட்ஸ்’ இருக்கும்வரை அந்தப் பட்டத்துக்கு வேறு எதுவும் போட்டியிட முடியாது. முப்பரிமாண மென்பொருளில் வார்த்த பளபளப்பான ரோபோக்களையும், குயீன் இசைக்குழுவின் பிரையன் மே பெயரையும் முன்னிறுத்தி மாதக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். சண்டை விளையாட்டு என்று பெயர், ஆனால் எதிரியைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் திரும்பிச் சண்டையிட முடியாது. தாவி உதைக்கும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தே பெரும்பாலான எதிரிகளை வீழ்த்திவிடலாம். பிரையன் மேயின் இசையும் அதில் சிறிதளவே ஒலிக்கிறது. எஞ்சியது ரிச்சர்ட் ஜோசப்பின் கைவண்ணம். ‘பீஸ்ட்’ விளையாட்டில் குறைந்தபட்சம் இசையாவது முழுமையாகக் கிடைத்தது.