அட்டுவம்பட்டி வளாகத்திற்கு அருகே அறை தேடுகிறேன், உதவுங்கள்

அக்காமார்களுக்கும் தோழியருக்கும் வணக்கம்.

நான் பரமக்குடியிலிருந்து வந்து, கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டு முதுகலையில் சேர்ந்திருக்கிறேன். இப்போது மூஞ்சிக்கல் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். வாடகை குறைவுதான், ஆனால் சுவரெல்லாம் ஈரம். போன வாரம் பெட்டியைத் திறந்தபோது, என் இளங்கலை மதிப்பெண் பட்டியல் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப்போய், முத்திரையின் மை கலங்கியிருந்ததைக் கண்டு அழுதுவிட்டேன். அதைக் கிழியாமல் உறையிலிருந்து பிரித்தெடுக்கும் வழி தெரிந்தவர்கள் முதலில் அதைச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் அறை மாறியாக வேண்டும். அட்டுவம்பட்டியிலோ நாயுடுபுரத்திலோ, காலை வெயில் விழும் ஜன்னலோடு, இருவர் பகிர்ந்து தங்கக்கூடிய அறை இருந்தால் தெரிவியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்காக நம்மைக் காலி செய்யச் சொல்லாத வீட்டுக்காரராக இருப்பது மிக முக்கியம், ஏனெனில் தேர்வு நெருங்கும் நேரமும் அதுதான்.

இன்னொன்று, சமையல். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பாத்திரத்தில் போட்ட துவரம்பருப்பு ஒரு மணி நேரமாகியும் மலரவில்லை. படிப்பை முடித்துக் கீழே இறங்கும் அக்கா யாராவது பழைய குக்கரை விற்பதாக இருந்தால், நான் வாங்கிக்கொள்கிறேன்.