எண்ணெய் வயலுக்குள் நுழைந்தவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

ராத்திரிப்பூனை:
மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெயின் என்ற வீடியோ கேம் வந்தது 2015-ல், நான் இப்போதும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். காரணம் ம்ஃபிண்டா எண்ணெய் வயல். கதை நடப்பது 1984, இந்த வயல் இருப்பது அங்கோலா-ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எல்லை. ஆப்கானிஸ்தானை முடித்துவிட்டு ஆப்பிரிக்காவில் இறங்கியதும் 13-வது மிஷனில் இதுதான். வேலை என்னவோ ரெண்டே ரெண்டு, எண்ணெய் பம்பை நிறுத்த வேண்டும், தொட்டியைத் தகர்க்க வேண்டும். ஆனால் உள்ளே நிற்கும் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. நான் எப்போதும் ராத்திரியில்தான் போவேன், மயக்க ஊசித் துப்பாக்கி, குறி தலைக்கு. கொஞ்ச நாளில் பார்த்தால் எல்லார் தலையிலும் ஹெல்மெட், ஊசி டிங்கென்று பட்டுத் தெறிக்கிறது, அந்த ஆள் திரும்பி என்னையே பார்க்கிறான். அப்புறம் இருட்டில் பார்க்கும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டார்கள். நாம் எப்படி வருவோம் என்று பார்த்து வைத்து அதற்கேற்ப மாறும் காவலாளிகளை வேறு விளையாட்டில் நான் இவ்வளவு ரசித்ததில்லை.

அட்டைப்பெட்டி:
ஹெல்மெட் தொல்லைக்கு வழி இருக்கிறதே. கடலில் இருக்கும் நம் தளமான மதர் பேஸிலிருந்து நம் ஆட்களை அனுப்பி அந்தச் சரக்கு வரும் இடத்தையே அடிக்கச் சொல்லுங்கள், கொஞ்ச நாளைக்கு வெறுந்தலையோடு திரிவார்கள். பகலில் போய்ப் பாருங்கள், ராத்திரிக்கென்று அவர்கள் செய்த ஏற்பாடெல்லாம் வீண். தொட்டி விஷயத்தில் என் பழக்கம் இது: முதலில் சி4 வெடிமருந்தை ஒட்டிவிடுவேன், அதன் பிறகுதான் பம்பு பக்கமே போவது. பம்பை நிறுத்தியதும் தூரத்திலிருந்து வெடிக்க வைத்தால் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள், நாம் எதிர்ப்பக்கம் வெளியே. துப்பாக்கியின் காலி தோட்டா மேகஸினை எறிந்தால்கூட ஒருத்தன் போய்ப் பார்ப்பான், பாவம், அவன் வேலை அது.

நாம் உள்ளே ஒளிந்துகொள்ளும் அட்டைப்பெட்டியில் படம் ஒட்டி வைத்திருக்கிறீர்களா? அழகியின் போஸ்டரை ஒட்டிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தால் காவலுக்கு நின்றவன் வாய் பிளந்து பார்க்கிறான். கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு வயிற்றுப்போக்குச் சத்தம் பதிந்த கேஸட்டைப் போட்டாலும் ஆள் கதவைத் திறக்காமல் போய்விடுவான். இவ்வளவு சீரியஸான கதைக்குள் இதை வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆந்தை_77:
ஆப்பிரிக்காவில் பிடித்த ஆளை விசாரிக்க நினைப்பவர்கள் முதலில் மொழிபெயர்ப்பாளரைத் தூக்கி வாருங்கள். அங்கே காவலாளிகள் பேசும் ஆப்ரிகான்ஸ் மொழி தெரிந்தவர் நம்மிடம் இல்லையென்றால் கழுத்தைப் பிடித்து எவ்வளவு உலுக்கினாலும் ஒரு வார்த்தை புரியாது.

எனக்கு ம்ஃபிண்டாவை விட இங்கும்பா தொழிற்பகுதிதான் மறக்காது. 20-வது மிஷன். உள்ளே கண்ட காட்சியைச் சொல்ல மாட்டேன், ஆடாதவர்கள் இருப்பீர்கள். வெளியே வந்தால் உடம்பெல்லாம் நெருப்போடு ஒருவன் நடந்து வருகிறான், மேலே வாயு முகமூடி போட்ட சிறுவன் மிதக்கிறான். துப்பாக்கி ராக்கெட் எல்லாம் வேஸ்ட், தண்ணீர்தான் மருந்து. ஜீப்பில் ஏறி அவனை இடித்துக் குட்டைக்குள் தள்ளினேன், அடங்கினான்.

ராத்திரிப்பூனை:
ஜீப்பா! நான் தண்ணீர்த் தொட்டியைச் சுட்டு அவன் தலையில் கொட்ட வைத்தேன். இன்றைக்கே ஜீப்பை எடுக்கிறேன்.