நடக்கும்வரை காத்திருக்கவில்லை: எங்கள் மகளின் சி.பி. பயிற்சி அனுபவம்

மகளுக்கு சி.பி. (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகும் நிலை) என்று உறுதியானபோது அவளுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. இரண்டு கால்களிலும் விறைப்பு, இடது கையிலும் கொஞ்சம். நாங்கள் இருப்பது தென்காசிப் பக்கத்துக் கிராமம். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்திலிருந்து பயிற்சி பெற்ற ஓர் அக்கா வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தார். முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு அது.

கால்களைப் பிடித்து நீட்டி மடக்குவதுதான் பயிற்சி என்று சொந்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். அந்த அக்கா செய்ததே வேறு. மகளுக்குப் பிடித்த எவர்சில்வர் கிண்ணத்தை அவள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவள் சிணுங்குவாள். என் அம்மாவுக்கு மனசு கேட்காது, எழுந்து போவார். "எடுத்துக் குடுத்துடாதீங்கம்மா, அவளே வரட்டும்" என்பார் அக்கா. ரொம்ப நேரம் கழித்து ஒருக்களித்துப் புரண்டு கையை நீட்டுவாள். குழந்தை தானாக முயன்று செய்கிற அசைவிலிருந்துதான் மூளை கற்கிறது என்று அவர் விளக்கியதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தோம்.

அப்புறம் சாயாமல் உட்கார மூலை நாற்காலி, சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டம், கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்துவைக்கும் ஏ.எஃப்.ஓ. பட்டை எல்லாம் வந்தன. கடையில் விற்கும் வட்ட வாக்கரை பிசியோதெரபிஸ்ட் ஒரேயடியாக வேண்டாம் என்றார். அதில் நுனிக்காலால் உந்திப் பழகினால் விறைப்புள்ள குழந்தைக்குக் கெடுதல். கனடாவில் குழந்தைகள் விழுந்து அடிபடுகிறார்கள் என்று 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். எங்களுக்குத் தந்தது முதுகுப்பக்கம் சட்டம் வரும் வாக்கர். அதைப் பிடித்தால் குனியாமல் நிமிர்ந்து நிற்கிறாள்.

சி.பி. உள்ள குழந்தை எந்த அளவுக்குத் தானாக நகர்கிறது என்று சொல்லும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவுகோலின் 5 நிலைகளில் (1 லேசானது, 5 கடுமையானது) இப்போது அவளுக்கு 3. வீட்டுக்குள் வாக்கர், தெருவுக்குச் சக்கர நாற்காலி. "நாற்காலியில் உட்கார வைத்தால் நடக்கவே மாட்டாள்" என்று பலர் பயமுறுத்தினார்கள். அவளோ தானே உருட்டிப் போய் ஆட்டுக்குட்டியைத் தொட்டுவிட்டு வருகிறாள், வாக்கரையும் விடவில்லை. நடையோ நாற்காலியோ, இந்த வயதில் அவளாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்று: சி.பி. உள்ள குழந்தைக்கு வலி இல்லையென்றாலும் இடுப்பு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பு மூட்டு வெளியே தெரியாமலே விலகக்கூடும்.

வாசலில் சரிவுப்பாதை கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்கிறார்கள், எங்கள் வாசலில் அவ்வளவு இடமில்லை. திருப்பி வளைத்துக் கட்டலாமா?