மார்பிள் தரையில் ஆசிட் ஊற்றிவிட்டேன்: உங்கள் வீட்டுக் கல் தரை அனுபவங்களையும் எழுதுங்கள்

கூடத்தில் வெள்ளை மார்பிள். போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒரு மூலையில் இரும்பு ஸ்டாண்ட் நின்ற இடத்தில் பழுப்புக் கறை. அதைப் போக்கலாம் என்று, கழிவறை கழுவ வைத்திருந்த ஆசிட்டை எடுத்துக் கொஞ்சம் ஊற்றினேன். உடனே நுரை பொங்கியது. அழுக்குதான் கரைகிறது என்று நம்பி இன்னும் ஊற்றித் தேய்த்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் கறை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெளுத்த வட்டம், தொட்டால் சொரசொரப்பு. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

பொங்கியது அழுக்கு இல்லை, கல்லேதான். மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் அது கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நுரையாகத் தெரிவது அதுதான். வினிகரும் எலுமிச்சைச் சாறும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். இப்படி வருவது கறை இல்லை, அரிப்பு. கறை கல்லுக்குள் இறங்கிய நிறம்; அதை வெளியே இழுக்கலாம். அரிப்பில் கல்லின் மேல்தோலே போய்விடுகிறது. அதை எந்தத் திரவத்தாலும் துடைத்து எடுக்க முடியாது, தேய்த்துத்தான் ஆக வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் என் தரை தப்பித்திருக்கும்.

பாலிஷ் போடுபவர் ஒருவர் வந்து பார்த்தார். அரிப்பு ஆழம் என்பதால் அங்கே 50 நம்பர் டைமண்ட் பேடில், அதாவது வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டில், ஆரம்பித்தார். நம்பர் கூடக் கூட வட்டு நயமாக இருக்கும். தண்ணீர் விட்டபடியே 100, 200, 400 என்று ஏறினார். 400 முடிந்ததும் தரை வழவழப்பாக, ஆனால் கண்ணாடி மினுக்கம் இல்லாமல், மெழுகு போல அமைதியாக இருந்தது. மேலே 800, 1500, 3000 வரை போகலாம், அல்லது இப்படியே விடலாம், ஆள் நடமாட்டம் அதிகம் என்றால் இதில் கீறலும் அரிப்பும் கண்ணை உறுத்தாது என்றார். நான் இப்படியே விடச் சொன்னேன். பளபளப்பு இல்லாமல் மார்பிளா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு இதுதான் அழகு. துருக்கறையின் சாயல் மட்டும் இன்னும் லேசாக இருக்கிறது. அதை இனிமேல் தொடப்போவதில்லை.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மறுமொழி 1

அக்கா, எங்கள் வீட்டில் நடந்தது வேறு கதை. சுவரோரம் நான்கு பலகைகளில் மட்டும் உப்பு பூத்தது, வெள்ளை மாவு தூவிய மாதிரி. ஈரத்துணியால் துடைத்தால் மறையும், ஒரு வாரத்தில் திரும்பவும் பூக்கும். துடைக்கும் தண்ணீரில் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே இறங்குகிறது என்பது அப்போது தெரியவில்லை. யாரோ சொன்னார்கள் என்று சீலர் (கல்லுக்குள் எதுவும் இறங்காமல் இருக்கப் பூசும் திரவம்) அடித்தோம். பெரிய தவறு. வெளியே வர வழியில்லாத உப்பு மேல்தோலுக்குக் கீழேயே படிகமாகிப் பருத்து, கல்லைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிட்டது.

உப்பு தானாக மேலே வராது, ஈரம்தான் சுமந்துகொண்டு வரும். அதனால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தால் முள் ஓடிக்கொண்டே இருந்தது. சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. அதைச் சரிசெய்த பிறகு மூன்று மாதம் தரையைக் காயவிட்டோம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி எடுத்ததோடு சரி, சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. இப்போது பூப்பது நின்றுவிட்டது.

இரண்டு பலகைகள் மட்டும் தேறவில்லை. கடையில் வாங்கிய புதுக் கல் நிறம் சேரவில்லை. பீரோவுக்கு அடியில் இருந்த பழைய பலகைகள் இரண்டைப் பெயர்த்துச் சுவரோரம் போட்டு, புதியவற்றைப் பீரோவுக்கு அடியில் வைத்தோம். இன்று வரை யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

மறுமொழி 2

எண்ணெய்க் கறைக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். சமையலறையில் வெளிர் நிற கிரானைட், அடுப்புக்கு முன்னால் உள்ளங்கை அளவு கறுத்த திட்டு. சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையவில்லை, எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண் பொடியை அசிட்டோனில் குழைத்து, பற்பசைப் பதத்தில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பினேன். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, ஓரங்களில் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளை எடுத்துவிட்டு முழுக்கக் காயவிட்டேன். அப்படிக் காய்வதுதான் முக்கியம். பொடி காயும்போதுதான் எண்ணெயை மேலே உறிஞ்சும். முதல் தடவை அவசரப்பட்டு ஈரமாகவே வழித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு திட்டு இருந்த இடம் தெரியவில்லை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை மூட்டாமல் செய்யுங்கள்.

அக்காவுக்கு இன்னொன்று. கழிவறை ஆசிட்டோடு பிளீச்சிங் எதையும் எப்போதும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், கல்லைவிட நுரையீரல் முக்கியம்.

மறுமொழி 3

பாலிஷ் போடும்போது கூடவே நில்லுங்கள். எங்கள் வீட்டில் 100 முடித்துவிட்டு நேராக 800க்குப் போய்விட்டார்கள். பகலில் தரை நன்றாகத்தான் தெரிந்தது. மாலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் அறை முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கீறலை அழிக்கத்தான் இருக்கிறது, நடுவில் தாண்டினால் அது அப்படியே தங்கிவிடும். மறுபடி 200லிருந்து போட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த பேடுக்குச் சம்மதிக்கிறேன்.

மறுமொழி 4

எங்கள் வீட்டிலும் மார்பிள்தான். சீலர் அடித்தால் ஆசிட் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்களே, உண்மையா?

முதல் பதிவு எழுதியவர்

இல்லைங்க. கல்லுக்குள் இறங்கும் சீலர் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மேல்தோலில் ஆசிட் பட்டால் அரிக்கத்தான் செய்யும். சீலர் தேவையா என்று பார்க்க, சில இடங்களில் தண்ணீரைச் சொட்டுவிட்டு பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். துடைத்த பிறகு கல் கறுத்திருந்தால் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த தரையில்தான் அடிக்க வேண்டும், மேலே தேங்குவதைத் துடைத்துவிட வேண்டும். மறுமொழி 1இல் தம்பி சொன்னது போல அடியில் கசிவு இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தினசரிக்கு நான் செய்வது கொஞ்சம்தான். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம் 7, மார்பிளுடையது 3. செருப்பில் வரும் மணல்தான் நடைபாதையை மங்கச் செய்கிறது. அதனால் வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று. முதலில் உலர்ந்த மாப், அப்புறம் காரமும் அமிலமும் இல்லாத, pH 7 அளவிலான கிளீனர், அளவோடு. அதிகம் ஊற்றினால் பிசுபிசுவென்று படலம் தங்கி, அதுவே அழுக்கைப் பிடிக்கும்.

மறுமொழி 4

நன்றி அக்கா. இப்போதே சொட்டுவிட்டுப் பார்த்தேன். நடுக்கூடத்தில் கல் நிறம் மாறவே இல்லை. ஜன்னலோரம் மட்டும் இரண்டே நிமிடத்தில் கறுத்துவிட்டது. மழைச்சாரல் அங்கேதான் விழும். முழுக்கக் காயட்டும், அந்த ஒரு வரிசைக்கு மட்டும் அடித்துப் பார்க்கிறேன்.