மறு: ‘இன்ரேன்’ – கடைக்காரர் வாயில் நுழையும் சொல்

அன்பின் குழுவினருக்கு,

‘இன்ரேன்’ (intern) என்பவரைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்ற பேச்சில், ‘உள்ளகப் பயிற்சி’ போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் அதைக் கேட்டால் நினைவுக்கு வருவது பெரியாஸ்பத்திரியில் ஓடித்திரியும் புது டொக்ரர்மார்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் அச்சகம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. நானும் இன்னொருவரும் வேலை செய்கிறோம். இதில் உள்ளகம் எது, வெளியகம் எது?

தமிழ்நாட்டு அரசின் ‘தொழிற்பழகுநர்’ அப்ரென்டிஸுக்கு உரியது. அவர் தொழிலையே கற்க வருபவர். நான் தேடுவது, படிப்பின் நடுவே சில மாதம் வந்துபோகும் பிள்ளைக்கு ஒரு பெயர்.

முதலில் வந்த பொடியனைத் தேத்தண்ணி வாங்கவும் போட்டோகொப்பி எடுக்கவும் விட்டேன். கடைசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிழை என்னுடையது. அடுத்து வந்த பிள்ளை ரெயினிங் டயறியை ஒவ்வொரு கிழமையும் நீட்டுவாள். அந்தக் கிழமை பழகியதை எழுதியே ஆகவேண்டும். ஒருநாள், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு புத்தகம்) ஒன்றுக்கு விலை சொன்னபோது, “30 பக்கத்துக்கும் 32 பக்கத்துக்கும் ஏன் ஒரே விலை?” என்றாள். நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகம் நான்கு நான்கு பக்கமாகத்தான் கூடும் என்று விளக்கினேன். பிறகு தாள், அட்டை, கழிவு, கூலி என்று தலைக்குள் இருந்த எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. அவள் எக்செல்லில் போட்டாள். அட்டைக்கு லமினேட் செய்யும் செலவை நான் விலையில் சேர்ப்பதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! இப்போது நான் கடையில் இல்லாவிட்டாலும் மற்றவர் விலை சொல்கிறார். சம்பளம் மிச்சம் என்று நினைத்து இவர்களை எடுப்பவருக்கு இது கிடைக்காது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ‘வேலை பழகுற பொடியன்’ என்போம். ஆகவே, படிப்பின் இடையில் பழகுபவர் ‘இடைப்பழகுநர்’.

“பழகுவது என்றால் இங்கே சென்னையில் சிநேகம் ஆயிற்றே?” என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தீர்கள்.

நீங்களும் கார் ஓட்டிப் பழகுகிறீர்கள்தானே! எனக்கு வந்த சிக்கல் வேறு. ‘இடைப்பழகுநர் தேவை’ என்று அடித்துக் காட்டினேன். கூட வேலை செய்பவர் படித்துவிட்டு, “இடுப்புக்கு எக்சர்சைஸ் பழக்கிற ஆளோ?” என்றார்.

அதனால் அதை விட்டுவிட்டேன். ‘பழகுமாணவர்’, அவர் இருக்கும் மாதங்கள் ‘பழகுகாலம்’. வினைத்தொகை, ஒற்று மிகாது. தொழிற்பழகுநரோடும் குழம்பாது, மாணவர் என்பதால் திரும்பிப் போவார் என்பதும் தெரிகிறது. நாளை வாசலில் ஒட்டுகிறேன்.