வாடகைதாரர் இருக்கும் வீட்டை வாங்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறோம், விலை ஒத்து வருகிறது, வில்லங்கச் சான்றிதழும் 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் ஆறு வருடமாக அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களைக் கிளப்பும் எண்ணம் எங்களுக்குத் துளியும் இல்லை.

கவலை அட்வான்ஸ் பற்றித்தான். 1,50,000 ரூபாய் கொடுத்ததாக அந்த அக்கா சொல்கிறார், உரிமையாளர் ஒரு லட்சம்தான் என்கிறார், கையில் இருப்பதோ எப்போதோ முடிந்துபோன 11 மாத ஒப்பந்தம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவுப்படி வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், அப்படியானால் நாளை அவர்கள் காலி செய்யும்போது என்னிடம்தானே கேட்பார்கள்? அதனால் அந்தத் தொகையைக் கிரய விலையில் கழிக்கச் சொல்லலாமா? 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டுமே, அதைக் கிரயத்துக்கு முன்பே பழைய உரிமையாளரை வைத்துச் செய்வதா, அப்புறம் என் பெயரிலா? மூன்று பேரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று போதுமா?

இப்படி வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், அடுத்த வாரம் முன்பணம் கொடுக்க வேண்டும்.