புதிதாக ஓவர்ஹால் செய்த அம்பாசிடர் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் இத்தனை சீக்கிரம் தேய்ந்தது எதனால்?

ஈரோடு_1489 கேட்டது:

வணக்கம். என்னிடம் 1980களில் வெளிவந்த பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று உள்ளது. 1,489 சி.சி. கொள்ளளவுள்ள, பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) உருவாக்கிய பழைய 'பி' வரிசை எஞ்சின். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே, வால்வுகள் ஹெட்டில், இரண்டுக்கும் நடுவே கேம்ஷாஃப்ட்டின் மேல் அமரும் டேப்பட்டும், அது தள்ளும் புஷ்ராடும், வால்வை அழுத்தும் ராக்கரும். ஆயில் குடிக்கத் தொடங்கியதால் அண்மையில் எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களை ரீபோர் செய்து, கிராங்கைக் கிரைண்டிங் செய்து, பிஸ்டன்களையும் பேரிங்குகளையும் புதிதாகப் போட்டோம். கேம்ஷாஃப்ட் லோப்களில், அதாவது டேப்பட்டைத் தூக்கும் முட்டை வடிவப் புடைப்புகளில், மெல்லிய கோடுகள் தெரிந்ததால் அதையும் கிரைண்டிங்குக்குக் கொடுத்தோம். டேப்பட்டுகள் பழையவைதான், அவற்றின் அடிப்பரப்பில் சிறு குழிகள் இருந்ததால், அதே பட்டறையில் அடியைத் தேய்த்துச் சமன் செய்து தந்தார்கள்.

எஞ்சின் முதன்முறையாகக் கிளம்பிய பிறகு, மெக்கானிக் அதை வெகுநேரம் ஐடிலிங்கிலேயே, அதாவது மிகக் குறைந்த வேகத்திலேயே விட்டு, கார்புரேட்டரைச் சரிசெய்வதும் தண்ணீர்க் கசிவைப் பார்ப்பதுமாக இருந்தார். போட்டது சாதாரண 20டபிள்யூ-40 ஆயில். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில் டேப்பட் சத்தம் தொடங்கியது. இடைவெளியைச் சரிசெய்தால் சில நாளில் மீண்டும் அதே சத்தம். அதன் பிறகு கார்புரேட்டர் வழியாகப் 'பட் பட்' என்று பின்வெடிப்பும் சேர்ந்துகொண்டது. டயல் கேஜ் வைத்து அளந்ததில், முன்னாலிருந்து ஐந்தாவது வால்வு, அதாவது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு, மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் குறைவாகவே திறக்கிறது.

ஆயில்தான் காரணம் என்று ஒருவரும், கேம்ஷாஃப்ட் இரும்பே மட்டம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இதே வகை எஞ்சின்கள் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் கேம்ஷாஃப்ட்டைத் தொடாமலே ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, புதிதாகக் கட்டிய எஞ்சினில் மட்டும் ஏன் இப்படி நேர்கிறது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிங்காநல்லூர்_கிரைண்டிங் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியவற்றில் எனக்கு உறுத்தியது ஆயில் அல்ல. டேப்பட்டின் அடியைச் சமன் செய்து தந்தார்கள் என்ற அந்த ஒரு வரிதான்.

தட்டை டேப்பட் என்று நாம் சொன்னாலும், அதன் அடி உண்மையில் தட்டையாக இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய கோளத்தின் சிறு துண்டைப் போல, கண்ணுக்குத் தெரியாத அளவில் நடுவில் மேடாக இருக்கும். இருபது மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள டேப்பட்டில் அந்த மேடு 0.05 மி.மீ. அளவுதான் வரும். அதற்கு இணையாக, லோப்பின் மேற்பரப்பும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து மிகச் சிறிய சரிவோடு கிரைண்டிங் செய்யப்படும். டேப்பட்டின் மையமும் லோப்பின் மையமும் நேருக்கு நேர் வராமல் சற்று விலகியே அமைக்கப்படும். இவை சேர்ந்து, லோப் டேப்பட்டைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தன் அச்சில் கொஞ்சம் திருப்பி விடுகின்றன. அதனால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் முகம் முழுவதும் பரவுகிறது. தொடும் இடத்தில் புதிய ஆயில் படலமும் வந்து சேர்கிறது.

சர்ஃபேஸ் கிரைண்டரில் காந்த மேடையில் டேப்பட்டைக் கவிழ்த்து வைத்து ஓட்டினால், முகம் கண்ணாடிபோல் அழகாக வந்துவிடும், ஆனால் அந்த மேடு போய்விடும். மேடு போன டேப்பட் சுழலாது. சுழலாத டேப்பட்டின் மீது லோப்பின் முனை ஒரே கோட்டில் உரசி, முதலில் டேப்பட்டில் பள்ளம் பறிக்கும். பிறகு அந்தப் பள்ளத்தின் ஓரங்களே லோப்பை அறுத்துவிடும். தொடங்கிவிட்டால் இது மிக விரைவாக முடிந்துவிடும் வேலை. கேம்ஷாஃப்ட்டையும் சரிவு வைக்காமல் நேராகக் கிரைண்டிங் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எஞ்சினை இறக்காமலே இதைச் சோதிக்கலாம். இந்த எஞ்சினில் மேனிஃபோல்டுகளைக் கழற்றினால் பிளாக்கின் பக்கத்தில் இரண்டு மூடிகள் தெரியும். ராக்கரையும் புஷ்ராடுகளையும் எடுத்த பிறகு அந்த வழியாகவே டேப்பட்டுகளை வெளியே எடுத்துவிடலாம். எது எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டேப்பட்டுகளை முகத்தோடு முகம் ஒட்டிப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மேடு இருந்தால் ஓரத்தில் இடைவெளி தெரிந்து லேசாக ஆடும். மேடு இல்லையென்றால் ஈரத்தில் ஒட்டிய இரண்டு கண்ணாடிச் சில்லுகளைப் போல அப்படியே அமர்ந்துவிடும். முகத்தில் வட்ட வட்டமாகத் தேய்மானம் இருந்தால் அது சுழன்றிருக்கிறது. குறுக்காக ஒரு பட்டை மட்டும் இருந்தால் சுழலவில்லை.

பின்வெடிப்புக்கும் விளக்கம் எளிது. எக்ஸாஸ்ட் வால்வு போதிய அளவு திறக்காததால் எரிந்த புகை சிலிண்டரிலேயே தங்கி, இன்லெட் வால்வு திறந்தவுடன் கார்புரேட்டர் பக்கம் பாய்கிறது. இந்த எஞ்சினில் மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு இன்லெட் வழி ஒன்றுதான் என்பதால், பழுதில்லாத நான்காவதும் சேர்ந்து தடுமாறும். கார்புரேட்டரைக் குறை சொல்லி அதைப் பிரித்துப் போடுபவர்கள் ஏராளம்.

உராய்வு_வேதியியல் எழுதியது:

மேலே சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆயிலைப் பற்றிய பேச்சு முழுவதும் கற்பனையும் அல்ல என்பதால் அதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

லோப்பின் முனைக்கும் டேப்பட்டுக்கும் இடையிலான அழுத்தத்தில், ஆயில் படலம் மட்டுமே இரண்டு இரும்புகளையும் பிரித்து வைத்துவிட முடியாது. அங்கே காப்பது ஜிங்க் டையால்கைல் டைதையோபாஸ்பேட் என்னும் சேர்மானம், சுருக்கமாக இசட்.டி.டி.பி. என்பார்கள். வெப்பமும் உரசலும் சேரும்போது அது சிதைந்து, இரும்பின் மீது கண்ணாடித்தன்மையுள்ள பாஸ்பேட் படலமாகப் படிகிறது. தேய்வது அந்தப் படலம். தேயத் தேய மீண்டும் படிகிறது. ஆனால் புதிய பரப்பில் அந்தப் படலம் இன்னும் உருவாகியிருக்காது என்பதால்தான் முதல் அரைமணி நேரம் இவ்வளவு ஆபத்தானதாக இருக்கிறது.

இந்தச் சேர்மானத்திலுள்ள பாஸ்பரஸ், புகைபோக்கியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் பெட்ரோல் எஞ்சின் ஆயில்களில் அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள்: அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. 2001இல் கொண்டுவந்த எஸ்.எல். தரத்தில் உச்ச வரம்பு 0.10 விழுக்காடு, 2004இல் வந்த எஸ்.எம். தரத்தில் 0.08 விழுக்காடு. பலரும் கவனிக்காதது என்னவென்றால், இந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற தடித்தவற்றுக்கு அது பொருந்தாது. ஆகவே நீங்கள் போட்ட 20டபிள்யூ-40 ஒன்றே ஒரு லோப்பை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆயில் மட்டுமே குற்றவாளி என்றால் எட்டு லோப்களும் ஓரளவு சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை 20டபிள்யூ-50 ஆயிலோ, சி.ஐ.-4 தரமுள்ள 15டபிள்யூ-40 டீசல் ஆயிலோ போடுங்கள். உங்கள் வண்டியில் கன்வெர்ட்டர் இல்லாததால் கெடுவதற்கும் ஒன்றுமில்லை. டீசல் ஆயிலில் அழுக்கு நீக்கும் சேர்மானங்கள் கூடுதலாக இருப்பதும், அவையும் இரும்பின் பரப்புக்காக இசட்.டி.டி.பி.யோடு போட்டியிடுவதும் உண்மைதான், எனினும் சி.ஐ.-4இல் பாஸ்பரஸ் பொதுவாகத் தாராளமாகவே இருக்கும். பாட்டிலில் விற்கும் சேர்மானத்தைக் கையளவில் கூடுதலாக ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவு மிஞ்சினால் அதுவே இரும்பை அரிக்கத் தொடங்கும்.

டொரொன்டோ_வி8 எழுதியது:

இங்கே கனடாவில் ஓய்வு நேரத்தில் செவ்ரோலே 350 வி8 எஞ்சின்களைக் கட்டுபவன் நான். எங்களிடம் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட், உங்களுடையது திருகால் இடைவெளி வைக்கும் திட டேப்பட். ஆனாலும் லோப் சாகும் விதம் ஒன்றுதான். அண்ணன் சிங்காநல்லூர் சொன்ன சுழற்சிதான் வேர் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நீண்ட ஐடிலிங்கை அவர் எளிதாகக் கடந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

லோப்களுக்கு என்று தனி ஆயில் வழி பெரும்பாலான இத்தகைய எஞ்சின்களில் இல்லை. கிராங்க் சுழலும்போது பேரிங்குகளின் ஓரத்திலிருந்து தெறிக்கும் ஆயிலும், மேலே ராக்கரிலிருந்து வடிந்து இறங்கும் ஆயிலும்தான் அவற்றை நனைக்கின்றன. ஐடிலிங்கில் தெறிப்பு மிகக் குறைவு. அதைவிட முக்கியமானது, வேகம் கூடும்போது வால்வும் புஷ்ராடும் நகரும் உந்தம் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் லோப்பின் முனையில் சுமை குறைகிறது. ஐடிலிங்கில் அந்தச் சலுகை கிடையாது. ஸ்பிரிங்கின் முழு விசையும் முனையில் இறங்கும் நேரத்தில்தான் ஆயிலும் மிகக் குறைவாக இருக்கிறது.

ஆகவே இங்கே நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இதுதான். லோப்களிலும் டேப்பட் முகத்திலும் மாலிப்டினம் கலந்த பசையைத் தடவுவோம். டேப்பட்டின் பக்கவாட்டில் பசை வேண்டாம், அங்கே ஆயில் மட்டுமே, இல்லையெனில் அதுவே சுழற்சியைத் தடுக்கும். கிளப்புவதற்கு முன்பே இக்னிஷன் டைமிங்கைச் சரியாக வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோலை நிரப்பி, ரேடியேட்டரைச் சோதித்து, ஆயில் அழுத்தம் வந்துவிட்டதை உறுதிசெய்து கொள்வோம். புதிய எஞ்சினை நெடுநேரம் ஸ்டார்ட்டரில் சுற்றினால் தடவிய பசை வழித்துக்கொண்டு போய்விடும். கிளம்பியவுடன் நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்றுக்குக் கொண்டுசென்று, அந்த எல்லைக்குள் ஏற்றி இறக்கி, இருபது முதல் முப்பது நிமிடம் ஓட்டுவோம். கசிவு தெரிந்தால் அணைத்துச் சரிசெய்து, மீண்டும் அதே வேகத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம், ஐடிலிங்கில் விடுவதில்லை. முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவோம்.

வால்வுக்கு இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இந்த ஓட்டத்தை முடித்துப் பிறகு பொருத்துவது நல்லது. கடினமான ஸ்பிரிங்குகளைப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இன்னொரு சிறு உத்தி: ஒவ்வொரு புஷ்ராடிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ராக்கர் மூடியைத் திறந்து வைத்துச் சில நொடிகள் ஓட்டிப் பார்த்தால், எந்தக் கோடு சுற்றவில்லையோ அந்த டேப்பட் சுழலவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஈரோடு_1489 எழுதியது:

மூவருக்கும் நன்றி. மேனிஃபோல்டுகளையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றி எட்டு டேப்பட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டேன். எந்த இரண்டை முகத்தோடு முகம் வைத்தாலும் ஆடவில்லை. எஃகு அளவுகோலின் ஓரத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒளிக்கீற்றே தெரியவில்லை. எல்லாமே முழுத் தட்டை. ஐந்தாவது டேப்பட்டின் முகத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் குறுக்குப் பள்ளம்; இன்னும் இரண்டில் அதே இடத்தில் மங்கலான பட்டை தொடங்கியிருக்கிறது. டேப்பட்டுகள் தம் துளைகளில் தம் எடையிலேயே இறங்குகின்றன, எங்கும் சிக்கவில்லை. ஸ்பிரிங் இந்த வண்டிக்கு உரியதுதான்.

கேம்ஷாஃப்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தெரிகிறது. பிளாக்கை இறக்காமல், ரேடியேட்டரையும் முன்மூடியையும் கழற்றி, கேம்ஷாஃப்ட்டை முன்பக்கமாக உருவி, புதியதையும் புதிய டேப்பட்டுகளையும் போட்டால் போதுமா? கிராங்க் பேரிங்குகள் புதியவை. ஆயில் அழுத்தமும் நன்றாகவே காட்டுகிறது.

சிங்காநல்லூர்_கிரைண்டிங் எழுதியது:

ஐந்தாம் லோப்பிலிருந்து போன இரும்பு எங்கே சென்றது என்பதை வைத்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும். எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்த துகளை ஆயில் பம்ப்பின் வலை தடுக்காது. அதன் கண்கள் பெரியவை. பம்ப்பைக் கடந்த பிறகுதான் ஃபில்டர் வருகிறது. குளிர்ந்த எஞ்சினில் ஆயில் தடித்து, ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறக்கும் நேரங்களில் துகள் நேராகப் பேரிங்குக்கே போயிருக்கும். மென்மையான பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்ட இரும்புப் பொடி உடனே சத்தம் போடாது. கிராங்கைத்தான் மெல்ல அரைக்கும். அழுத்தம் நன்றாகக் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆகவே முதலில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துக் காந்தத்தால் தடவிப் பாருங்கள். பிறகு சம்ப்பை இறக்கி, நடு மெயின் பேரிங் மூடியையும் ஏதேனும் ஒரு கனெக்டிங் ராடு மூடியையும் கழற்றுங்கள். பம்ப்பையும் பிரித்து ரோட்டரில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங் பரப்பு சுத்தமாக இருந்தால் நீங்கள் சொல்லும் வழியே போதும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் கியர் தண்டையும், கேம்ஷாஃப்டிலிருந்து ஓடும் ஆயில் பம்ப்பையும் எடுத்த பிறகே கேம்ஷாஃப்ட்டை உருவ வேண்டும். பேரிங்கில் கருப்புப் புள்ளிகளோ சுற்றுக்கோடுகளோ தெரிந்தால் தயங்காமல் எஞ்சினை இறக்குங்கள். ஆயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவாமல் புதிய கேம்ஷாஃப்ட்டைப் போட்டால் பழைய இரும்பு அதையும் சாப்பிட்டுவிடும்.

டேப்பட்டுகள் எட்டும் புதியவையாகவே இருக்கட்டும். பெட்டியைத் திறந்தவுடன் கடையிலேயே இரண்டிரண்டாக முகம் சேர்த்து ஆட்டிப் பாருங்கள். ஆடாதவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேம்ஷாஃப்ட்டை மறுபடி கிரைண்டிங் செய்வதானால், லோப்பில் சரிவு வைத்துத் தருவார்களா, வேலை முடிந்த பின் மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு கொடுப்பார்களா என்று இரண்டையும் கேளுங்கள். இந்த லோப்கள் வார்க்கும்போதே விரைவாகக் குளிர வைத்துக் கடினமாக்கப்பட்டவை. கிரைண்டிங் கல்லின் சூட்டில் லோப் நீலம் பாய்ந்தால் அந்தக் கடினம் போய்விடும் என்பதால், தண்ணீர் ஓடாமல் கிரைண்டிங் செய்யும் பட்டறைக்குக் கொடுக்கவே வேண்டாம். வால்வில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைகிறது என்றால், ராக்கர் பெருக்கிக் காட்டுவதைக் கழித்தாலும், இப்போதுள்ள கேம்ஷாஃப்ட்டின் ஐந்தாம் லோப்பில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போய்விட்டது. மீதமுள்ள ஏழையும் அதற்கு ஏற்ப இறக்க வேண்டியிருக்கும் என்பதால் நான் அதை எடுக்க மாட்டேன், வேறொன்றைத் தேடச் சொல்வேன்.